விமானப் பயணப் பொதிக் கட்டணம்: வரலாறும் சிக்கன வழிகளும்

விமானத்தில் செல்வோர் தம்முடன் கொண்டு செல்லும் பெட்டி, பை, மூட்டை முதலியவற்றுக்காக விமான நிறுவனங்கள் பெறும் தொகை பயணப் பொதிக் கட்டணம் எனப்படும். பேச்சு வழக்கில் இதனை ‘லக்கேஜ் சார்ஜ்’ என்பர். பயணப் பொதி இரு வகைப்படும். முகப்பில் ஒப்படைத்து விமானத்தின் அடிப்பகுதியில் ஏற்றப்படுவது பதிவுப் பொதி. பயணி தம் கையோடு விமானத்துக்குள் எடுத்துச் செல்வது கைப்பொதி.

நெடுங்காலம் இக்கட்டணம் பயணச்சீட்டின் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்கள் மட்டும் கூடுதல் தொகை செலுத்தினர். 2006 முதல் 2008 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்நிலை மாறி, முதல் பெட்டிக்கே விலை வைக்கும் வழக்கம் பரவியது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, ஒவ்வொரு காலத்திலும் பயணிகள் செலவைக் குறைக்க என்ன செய்தனர், இன்று எது பயன் தரும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வரலாற்றிலிருந்து தெளிவாகும் உண்மை ஒன்று உண்டு. இக்கட்டணத்தை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. பயணி விதியை எப்போது அறிந்துகொள்கிறார் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

தொடர்வண்டிக் காலத்து முன்மாதிரி

பயணியோடு குறிப்பிட்ட எடையுள்ள பொருளும் இலவசமாகச் செல்லலாம் என்ற கருத்து விமானத்தோடு பிறந்ததன்று. பிரிட்டனில் 1844 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொடர்வண்டி ஒழுங்குமுறைச் சட்டம் ஏழைப் பயணிகளுக்காகச் சில உரிமைகளை வகுத்தது. நாள்தோறும் ஒரு வண்டியாவது மூன்றாம் வகுப்புப் பயணிகளை ஏற்றிச் செல்ல வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னியைத் தாண்டக் கூடாது. வெயில் மழையிலிருந்து காக்கும் கூரை வேண்டும். ஒவ்வொரு பயணியும் 56 பவுண்டு எடையுள்ள பொருளை இலவசமாகக் கொண்டு செல்லலாம் என்பன அவற்றுள் அடங்கும்.

56 பவுண்டு என்பது ஏறத்தாழ 25 கிலோ. வேலை தேடி ஊர் விட்டு ஊர் செல்லும் தொழிலாளி தன் துணிமணியையும் கருவிகளையும் விட்டுவிட்டுச் செல்ல முடியாது என்பதை அன்றைய சட்டம் ஏற்றுக்கொண்டது. இந்தியத் தொடர்வண்டிகளிலும் வகுப்புக்கு ஏற்ற இலவச அளவு இருக்கிறது. இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோ, படுக்கை வசதி வகுப்புக்கு 40 கிலோ, குளிர்சாதன முதல் வகுப்புக்கு 70 கிலோ என்பது அந்த அளவு. உயர்ந்த வகுப்புக்குக் கூடுதல் எடை என்னும் இந்த முறையே பின்னர் விமானத்துக்கும் வந்தது.

தராசில் நின்ற பயணிகள்

தொடர்வண்டிக்கு 10 கிலோ கூடுவது பெரிய செய்தியன்று. 1920களின் சிறிய விமானங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. ஆற்றல் குறைந்த இயந்திரங்களைக் கொண்ட அவ்விமானங்கள் எவ்வளவு எடையோடு மேலெழும்ப முடியும் என்பதற்குக் கண்டிப்பான வரம்பு இருந்தது. ஆகவே பெட்டியோடு பயணியையும் தராசில் நிறுத்தி எடை பார்க்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. எடை கூடினால் எரிபொருளையோ, அஞ்சல் மூட்டையையோ, இன்னொரு பயணியையோ இறக்க வேண்டும். இந்தியாவில் 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த விமானம் கடிதங்களையே சுமந்து வந்தது. அச்சேவை பெல்லாரி வழியாகச் சென்னை வரை நீண்டது. பயணிகளையும் அவர்களின் பெட்டிகளையும் ஏற்றுவது அன்றைய சிறு விமானங்களில் இரண்டாம் இடத்தையே பெற்றது.

1929 அக்டோபர் 12 அன்று போலந்தின் தலைநகரில் கையெழுத்தான வார்சா உடன்படிக்கை பன்னாட்டு விமானப் பயணத்துக்குப் பொது விதிகளை வகுத்தது. ஒப்படைக்கப்படும் பொதிகளின் எண்ணிக்கையையும் எடையையும் குறிப்பிட்டுப் பயணிக்குச் சீட்டு வழங்க வேண்டும் என்று அது கூறியது. பொதி தொலைந்தால் தர வேண்டிய இழப்பீட்டையும் கிலோ கணக்கிலேயே வரையறுத்தது. இதனால் கிலோ என்பது பாதுகாப்புக்கான அளவாக மட்டுமின்றிச் சட்டத்துக்கும் விலைக்குமான அளவாகவும் ஆகிவிட்டது.

பயணியையே நிறுத்துப் பார்க்கும் முறை பெரிய விமானங்கள் வந்தபின் மறைந்தது. எனினும் 2013 இல் சமோவா ஏர் என்ற சிறிய நிறுவனம் பயணியின் எடையையும் பொதியின் எடையையும் சேர்த்துக் கிலோ கணக்கில் கட்டணம் பெற்று உலகின் கவனத்தை ஈர்த்தது.

இருபது கிலோ விதி

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 ஏப்ரலில், கியூபாவின் அவானா நகரில் பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கம் உருவாயிற்று. ‘ஐயாட்டா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இச்சங்கத்தில் சேர்ந்த நிறுவனங்கள் கட்டணங்களையும் விதிகளையும் கூடிப் பேசி முடிவு செய்தன. சாதாரண வகுப்புக்கு 20 கிலோ, முதல் வகுப்புக்கு 30 கிலோ என்னும் இலவச அளவு இவ்வாறே உலகெங்கும் நிலைபெற்றது. இதனை எடைமுறை எனலாம்.

வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கிலோவுக்கும் அந்த வழித்தடத்தின் முதல் வகுப்பு ஒருவழிக் கட்டணத்தில் 1 விழுக்காடு செலுத்த வேண்டும் என்பது நெடுநாள் நடப்பில் இருந்த விதி. எடுத்துக்காட்டாக, ஒரு வழித்தடத்தில் முதல் வகுப்புக் கட்டணம் 6,000 ரூபாய், சாதாரண வகுப்புக் கட்டணம் 3,500 ரூபாய் என்று கொள்வோம். சாதாரண வகுப்பில் செல்பவர் 10 கிலோ கூடுதலாகக் கொண்டு சென்றால் கிலோவுக்கு 60 வீதம் 600 ரூபாய் கட்ட வேண்டும். அவர் கொடுத்த பயணச்சீட்டு விலையில் இது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மலிவான வகுப்பில் சென்றவரும் கூடுதல் எடைக்கு விலை உயர்ந்த வகுப்பின் கணக்குப்படியே செலுத்தினார் என்பது கவனிக்கத்தக்கது.

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாக மலாயாவுக்குச் சென்ற ராஜுலா போன்ற கப்பல்களில் தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகச் சென்று பழகிய குடும்பங்களுக்கு 20 கிலோ என்பது புதிய நெருக்கடியாக இருந்தது. ஆனால் அக்கால விதியிலேயே சில வழிகள் திறந்திருந்தன.

முதலாவது, எடையில் சேராத பொருள்கள். மேற்சட்டை, குடை, ஒளிப்படக் கருவி, தொலைநோக்கி, பயணத்தில் படிப்பதற்கான நூல்கள், குழந்தைக்கான உணவு, பெண்களின் கைப்பை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல் கையோடு கொண்டு செல்ல அவ்விதி இடம் தந்தது. ஆகவே கனமான கம்பளி மேற்சட்டையைப் பெட்டியில் வைக்காமல் அணிந்து செல்வதும், தடித்த நூல்களைக் கையில் எடுத்துக்கொள்வதும் சிக்கனப் பழக்கங்களாயின. கோடை வெயிலிலும் சிலர் மேற்சட்டையோடு விமானம் ஏறியதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, கூட்டுக் கணக்கு. ஒரே விமானத்தில் ஒரே ஊருக்குச் செல்லும் குடும்பத்தினர் ஒன்றாக முகப்புக்கு வந்தால் அவர்களின் இலவச அளவைக் கூட்டிக் கணக்கிடலாம். நான்கு பேருக்கு 80 கிலோ. ஒருவர் பெட்டி 26 கிலோ இருந்தாலும் இன்னொருவர் பெட்டி 14 கிலோ இருந்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது, அவசரமில்லாத பொருளைப் பிரித்து அனுப்புவது. நூல்கள், பாத்திரங்கள் முதலியவற்றைக் கப்பலிலோ, தனிச் சரக்காக விமானத்திலோ முன்கூட்டியே அனுப்பினால் கூடுதல் எடைக் கட்டணத்தைவிடக் குறைவாகவே செலவாகும்.

எடையிலிருந்து எண்ணிக்கைக்கு

1970 சனவரியில் போயிங் 747 பயணிகள் சேவைக்கு வந்தது. அகன்ற உடல் கொண்ட இவ்வகை விமானங்களில் பொதி வைக்கும் இடம் பெருகியது. நூற்றுக்கணக்கான பயணிகளின் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடை போட்டு, கூட்டி, கழித்துக் கணக்கிடுவது முகப்பில் நெரிசலை உண்டாக்கியது. ஆகவே 1970களில் அமெரிக்காவுக்குச் செல்லும் வழித்தடங்களில் புதிய முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. எத்தனை பெட்டிகள் என்பதே இம்முறையில் முதற்கேள்வி. இதனை எண்ணிக்கைமுறை எனலாம்.

இம்முறைப்படி சாதாரண வகுப்புப் பயணி இரண்டு பெட்டிகள் கொண்டு செல்லலாம். ஒவ்வொரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எடை 32 கிலோவைத் தாண்டக் கூடாது. பிற்காலத்தில் சாதாரண வகுப்புக்கான எடை வரம்பு பெட்டிக்கு 23 கிலோவாகக் குறைந்தது. 32 கிலோ என்ற உச்ச வரம்பு இன்றும் பல நாடுகளில் நீடிப்பதற்கு ஒரு மனிதநேயக் காரணம் உண்டு. பெட்டிகளைக் கையால் தூக்கி அடுக்கும் தொழிலாளர்களின் முதுகெலும்பைக் காப்பதே அதன் நோக்கம்.

இரு முறைகளும் அருகருகே இருந்ததால் பயணிகளுக்குக் குழப்பமும் ஏற்பட்டது, வாய்ப்பும் கிடைத்தது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்லும் மாணவர் இரண்டு பெட்டிகளில் 46 கிலோ வரை கொண்டு செல்ல முடிந்த காலத்தில், எடைமுறை நிலவிய வழித்தடத்தில் சிங்கப்பூருக்குச் சென்றவருக்கு 20 கிலோவே வரம்பு. எண்ணிக்கைமுறையில் வேறொரு நுட்பமும் உண்டு. ஒரு பெட்டி 27 கிலோவும் மற்றொன்று 15 கிலோவும் இருந்தால், மொத்தம் 46 கிலோவுக்குள் இருந்தாலும் முதல் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வரும். எடையைச் சமமாகப் பிரித்து அடுக்குவதே இம்முறையில் சிக்கனம்.

விலைபோன பெட்டி இடம்

தமக்குரிய இலவச அளவை எல்லாப் பயணிகளும் பயன்படுத்துவதில்லை. பயன்படாத அந்த இடத்துக்கு ஒரு சந்தை விலை உண்டு என்பதை வணிகர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். 1969 இல் அமெரிக்காவில் தொடங்கிய டிஎச்எல் நிறுவனத்தின் முதல் தொழிலே இதுதான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலுவுக்குச் செல்லும் கப்பல்களின் சரக்கு ஆவணங்களைப் பயணப் பொதியாக விமானத்தில் முன்கூட்டியே கொண்டு சேர்த்தனர். கப்பல் வந்து சேருமுன் ஆவணங்கள் சுங்கத்துறையிடம் இருந்ததால் துறைமுகத்தில் காத்திருக்கும் நாள்கள் குறைந்தன.

1980களில் இது பரந்த வழக்கமாயிற்று. சரக்காக அனுப்புவதைவிடப் பயணியின் பொதியாகச் செல்லும் ஆவணங்களுக்குச் சுங்க அனுமதி விரைவாகக் கிடைத்தது. ஆகவே கூரியர் நிறுவனங்கள் தம் பதிவுப் பொதி உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பவர்களுக்குக் குறைந்த விலையில் பயணச்சீட்டு அளித்தன. ஒரு கைப்பையோடு உலகம் சுற்ற விரும்பிய இளைஞர்கள் பலர் இவ்வழியைப் பயன்படுத்தினர். சுங்க நடைமுறைகள் கணினிமயமானபின் இந்த வாய்ப்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது.

தமிழகத்தில் ‘குருவி’ என்ற சொல் இதே வணிகத்தின் இன்னொரு வடிவத்தைக் குறிக்கும். சென்னை, திருச்சிராப்பள்ளி போன்ற ஊர்களிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளுக்குத் தமக்கு அனுமதிக்கப்பட்ட எடை முழுவதையும் பிறர் பொருளால் நிரப்பிச் சென்று, திரும்பும்போதும் அவ்வாறே பொருள் கொண்டு வருவோரை அச்சொல் சுட்டும். சுங்க வரம்புக்குள் நடந்த சிறு வணிகமும், வரம்பு மீறிய கடத்தலும் இச்சொல்லுக்குள் கலந்தே கிடக்கின்றன. அறியாதவர் கொடுத்த பொருளைப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பயணியே அதற்குச் சட்டப்படி பொறுப்பாவார். ஆகவே எடை மிச்சமிருந்தாலும் அதை அடுத்தவர் பொருளுக்குத் தருவது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

சக்கரம் செய்த மாற்றம்

பெர்னார்டு சேடோ என்ற அமெரிக்கர் பெட்டிக்குச் சக்கரம் பொருத்தி வாரால் இழுக்கும் அமைப்புக்கு 1972 இல் காப்புரிமை பெற்றார். 1987 இல் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் விமானி ராபர்ட் பிளாத் இரண்டு சக்கரங்களும் நீளும் கைப்பிடியும் கொண்டு நிமிர்ந்து உருளும் சிறிய பெட்டியை உருவாக்கினார். விமானப் பணியாளர்களின் கையில் இதைக் கண்ட பயணிகளும் வாங்கத் தொடங்கினர்.

இப்பெட்டி இருக்கைக்கு மேலுள்ள அறையில் அடங்கியது. தூக்கும் சிரமம் நீங்கியதால் பலர் பதிவுப் பொதியைத் தவிர்த்துக் கைப்பொதியோடு மட்டுமே பயணம் செய்யப் பழகினர். பின்னர் பதிவுப் பொதிக்கு விலை வந்தபோது, அதைத் தவிர்க்கும் கருவி ஏற்கெனவே மக்கள் கையில் இருந்தது.

கட்டணம் தனியே பிரிந்த கதை

1978 அக்டோபர் 24 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் விமானத் துறைக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை அரசு முடிவு செய்த கட்டணங்களை இனி நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றாயிற்று. 1981 இல் நூவர்க் நகரிலிருந்து பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் மிகக் குறைந்த விலையில் பயணச்சீட்டு விற்றது. பதிவுப் பொதி ஒவ்வொன்றுக்கும் 3 டாலர் தனியே பெற்றது. அந்நிறுவனம் 1987 இல் வேறொன்றுடன் இணைந்து மறைந்தது. ஆனால் அதன் கருத்து மறையவில்லை.

2006 இல் அயர்லாந்தின் ரயன்ஏர் பதிவுப் பொதிக்குக் கட்டணம் விதித்தது. இணையத்தில் முன்கூட்டியே செலுத்தினால் ஒரு பொதிக்கு 3.50 யூரோ; விமான நிலையத்தில் செலுத்தினால் அதன் இரு மடங்கு. பெட்டியின் எடையில் மாற்றமில்லை, தூரத்திலும் மாற்றமில்லை. பயணி முடிவெடுத்த இடமும் நேரமும் மட்டுமே விலையை இரட்டிப்பாக்கின. இன்றைய பொதிக் கட்டணங்களின் அடிப்படை இலக்கணம் இதுவே.

அமெரிக்காவில் 2007 இல் ஸ்பிரிட் நிறுவனம் முதல் பெட்டிக்குக் கட்டணம் பெறத் தொடங்கியது. மறு ஆண்டு எண்ணெய் விலை உச்சத்துக்குச் சென்றது. 2008 சூலையில் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அதற்குச் சற்று முன், 2008 சூன் 15 முதல், பெரிய நிறுவனமான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கு 15 டாலர் பெற்றது. மற்றப் பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. எண்ணெய் விலை பிறகு இறங்கியது, கட்டணம் இறங்கவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் 2007 இல் பொதிக் கட்டணமாகப் பெற்ற தொகை 50 கோடி டாலருக்கும் குறைவு. 2023 இல் அது ஏறத்தாழ 700 கோடி டாலர்.

எரிபொருள் மட்டும் இதற்குக் காரணமாகாது என்பதை எளிய கணக்கால் அறியலாம். விமானம் கூடுதலாகச் சுமக்கும் எடையில் மணிக்கு ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு அளவுக்கு எரிபொருள் செலவாகும் என்பது பொதுவான மதிப்பீடு. 20 கிலோ பெட்டி நான்கு மணி நேரம் பறந்தால் 2.4 முதல் 3.2 கிலோ எரிபொருளே கூடுதலாக எரியும். கட்டணத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஆள்செலவு, தரையில் விமானம் நிற்கும் நேரம் ஆகியன அவற்றுள் சில. இணையத்தில் விலைகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் பயணியின் கண்ணுக்குச் சீட்டின் விலை குறைவாகத் தெரிய வேண்டும் என்பது மற்றொன்று. அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணச்சீட்டுக்கு 7.5 விழுக்காடு வரி உண்டு. தனியே பெறும் பொதிக் கட்டணத்துக்கு அவ்வரி இல்லை. இதுவும் நிறுவனங்களுக்குச் சாதகமாயிற்று.

இதற்கு விதிவிலக்காக நின்ற சவுத்வெஸ்ட் நிறுவனம் இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றுவதையே தன் விளம்பரமாக்கியது. 2025 மே 28 முதல் அதுவும் பெரும்பாலான பயணிகளிடம் கட்டணம் பெறத் தொடங்கியது.

கைப்பொதிக்கும் விலை

பதிவுப் பொதிக்கு விலை வந்ததும் பயணிகள் எல்லாவற்றையும் கைப்பொதியில் திணித்தனர். இருக்கைக்கு மேலுள்ள அறைகள் நிரம்பின. விமானம் புறப்படுவது தாமதமாயிற்று. 2010 ஆகஸ்டு முதல் ஸ்பிரிட் நிறுவனம் மேல் அறையில் வைக்கும் பெரிய கைப்பொதிக்கும் கட்டணம் விதித்தது. இருக்கைக்கு அடியில் அடங்கும் சிறு பை மட்டும் இலவசம். 2018 நவம்பர் முதல் ரயன்ஏரும் இவ்வழியில் சென்றது.

இது நீதிமன்றத்தையும் எட்டியது. 2014 செப்டம்பர் 18 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஸ்பெயினின் வுவெலிங் நிறுவனம் தொடர்பான வழக்கில் முக்கியமான வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது. பதிவுப் பொதி தவிர்க்கக்கூடியது. அதற்குத் தனிக் கட்டணம் பெறலாம். நியாயமான எடையும் அளவும் கொண்ட கைப்பொதி பயணத்தின் இன்றியமையாத பகுதி. அதற்குத் தனிக் கட்டணம் கூடாது. ‘நியாயமான அளவு’ எது என்ற கேள்வி அதன்பின் விவாதப் பொருளாயிற்று. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து நிறுவனங்களுக்குக் கைப்பொதிக் கட்டணம் உள்ளிட்ட காரணங்களுக்காக மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்தன.

இந்தியாவில்

இந்திய உள்நாட்டு விமானங்களிலும் 20 கிலோ விதியே நெடுநாள் வழக்கில் இருந்தது. 2013 இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் சில சேவைகளைப் பயணச்சீட்டிலிருந்து பிரித்துத் தனிக் கட்டணம் பெற அனுமதித்தது. அதனை ஒட்டித் தனியார் நிறுவனங்களின் இலவச அளவு 15 கிலோவாகக் குறைந்தது.

15 கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் இடைப்பட்ட எடைக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் பெறக் கூடாது என்று இயக்குநரகம் 2016 இல் ஆணையிட்டது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2017 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. விலையை முடிவு செய்யும் உரிமை நிறுவனங்களிடமே சென்றது. 2021 பிப்ரவரியில், பதிவுப் பொதி இல்லாமல் செல்வோருக்குக் குறைந்த விலைச் சீட்டு விற்கவும் இயக்குநரகம் இசைவளித்தது. அவ்வாறு சீட்டு வாங்கியவர் பின்னர் பெட்டியோடு வந்தால் முகப்பில் செலுத்த வேண்டிய தொகையை முன்பதிவின்போதே தெளிவாகக் காட்ட வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை.

கைப்பொதியைப் பொறுத்தவரை, இந்திய உள்நாட்டுச் சேவைகளில் சாதாரண வகுப்புக்கு 7 கிலோ எடையுள்ள ஒரு பை என்பது பரவலான வரம்பு. மடிக்கணினி அல்லது பெண்களின் கைப்பை போன்ற சிறு பொருளைக் கூடுதலாகக் கொண்டு செல்லலாம்.

வரலாறு காட்டும் சிக்கன வழிகள்

1. மொத்தச் செலவை ஒப்பிடுதல். ஒரு நிறுவனத்தின் சீட்டு 4,000 ரூபாய், 15 கிலோ உட்பட. மற்றொன்றின் சீட்டு 3,400 ரூபாய், பொதி தனி என்றால், பொதிக் கட்டணம் 600 ரூபாயைத் தாண்டினால் மலிவாகத் தெரிந்த சீட்டே விலை உயர்ந்ததாகிவிடும்.

2. முன்கூட்டியே செலுத்துதல். விலை பொதுவாக மூன்று படிகளில் உயரும். சீட்டு வாங்கும்போது குறைவு. பின்னர் இணையத்தில் சேர்த்தால் சற்று அதிகம். விமான நிலையத்தில் மிக அதிகம். கூடுதல் எடை தேவைப்படும் என்று தெரிந்தால் முதற்படியிலேயே வாங்குவது நல்லது.

3. வீட்டிலேயே எடை பார்த்தல். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கொக்கித் தராசு போதும். வெறும் பெட்டியின் எடையையும் அறிந்துகொள்ள வேண்டும். 5 கிலோ பெட்டிக்குப் பதில் 3 கிலோ பெட்டி வாங்கினால் ஒவ்வொரு பயணத்திலும் 2 கிலோ மிச்சமாகும்.

4. விதி எடைமுறையா, எண்ணிக்கைமுறையா என்று பார்த்தல். எடைமுறையில் மொத்த எடை முக்கியம். எண்ணிக்கைமுறையில் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே வரம்புக்குள் இருக்க வேண்டும். கூட்டுக் கணக்கு எல்லா நிறுவனங்களிலும் இல்லை. சீட்டின் விதியில் பார்த்துக்கொள்வது நன்று.

5. மாறிச் செல்லும் விமானங்களை ஒரே சீட்டில் வாங்குதல். தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால் இடையில் மீண்டும் பொதியை ஒப்படைத்து மீண்டும் கட்டணம் செலுத்த நேரலாம். 30 கிலோ அனுமதித்த பன்னாட்டு விமானத்திலிருந்து இறங்கி, தனிச் சீட்டில் 15 கிலோ மட்டுமே உள்ள உள்நாட்டு விமானத்தில் ஏறுபவர் எஞ்சிய 15 கிலோவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும்.

6. கனமான உடையை அணிந்து செல்லுதல். எழுபது ஆண்டுப் பழைய இவ்வழி இன்றும் பயன்படுகிறது. கனமான காலணியையும் மேற்சட்டையையும் அணிந்துகொண்டால் 2 கிலோ வரை குறையும்.

7. எடுத்துச் செல்லாமலே இருத்தல். போகுமிடத்தில் கிடைக்கும் சோப்பு, துண்டு, அரிசி, பருப்பு ஆகியவற்றுக்குக் கூடுதல் எடைக் கட்டணம் செலுத்துவது பொருளின் விலையைவிட அதிகமாகலாம்.

இவற்றைச் செய்யும்போது இரு எச்சரிக்கைகள் தேவை. எடையைக் குறைப்பதற்காக நகை, சான்றிதழ், மருந்து ஆகியவற்றைக் கைப்பையிலிருந்து பதிவுப் பொதிக்கு மாற்றக் கூடாது. கைப்பொதியை வாயிலில் வாங்கி அடிப்பகுதியில் ஏற்றினால், அதிலுள்ள பவர் பேங்க் முதலிய லித்தியம் மின்கலங்களை எடுத்துத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். தீ விபத்தைத் தடுக்கும் விதி இது.

யார் மீது சுமை?

இலவசப் பொதி என்பது உண்மையில் இலவசமாக இருந்ததில்லை. பெட்டியில்லாமல் சென்றவரும் அதன் செலவைச் சீட்டு விலையில் பகிர்ந்துகொண்டார். ஆகவே பொதியைக் கொண்டு செல்பவரே அதற்குப் பணம் தரட்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஒரு பையோடு செல்லும் மாணவருக்கு இதனால் குறைந்த விலையில் சீட்டு கிடைக்கிறது.

ஆனால் எல்லாப் பயணிகளும் ஒரே நிலையில் இல்லை. அலுவல் நிமித்தம் இரண்டு நாள் செல்பவர் பெட்டியைத் தவிர்க்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் தொழிலாளி தவிர்க்க முடியாது. அவர் பெட்டியில் இருப்பவை பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து வைத்த பொருள்கள். சீட்டை முகவர் வாங்கித் தந்திருப்பார்; விதி அவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்டிருக்காது. முகப்புத் தராசின் முன் நிற்கும்போதுதான் வரம்பு தெரியவரும். அப்போது அவருக்கு எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள்: மிக உயர்ந்த படியிலுள்ள கட்டணத்தைச் செலுத்துவது, அல்லது தரையில் அமர்ந்து பெட்டியைத் திறந்து சிலவற்றை விட்டுச் செல்வது.

1844 இல் ஒரு சட்டம் மூன்றாம் வகுப்புப் பயணியின் மூட்டைக்கு இடம் ஒதுக்கியது. இன்று அத்தகைய பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை. அதன் இடத்தை ஓரளவு நிரப்பக்கூடியது முன்கூட்டிய அறிவு ஒன்றே. சீட்டில் அச்சிட்டுள்ள எடை வரம்பைப் படித்துச் சொல்வதும், புறப்படுமுன் பெட்டியை எடை போட்டுப் பார்ப்பதும் ஐந்து நிமிட வேலைகள். வீட்டில் படிக்கத் தெரிந்த மாணவர் ஒருவர் இந்த ஐந்து நிமிடங்களைச் செலவிட்டால், பயணம் செய்யும் பெரியவர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்க நேராது.